பத்திரத்தில் புகை வாசம்

1806ஆம் வருஷம். ஹைத்தியின் தெற்குச் சீமையில் சக்கரவர்த்தி ழான்-ழாக் தெசலின் முகாம் போட்டுப் பத்திர விசாரணை நடத்திக்கொண்டிருக்கிறார். இந்தக் கரும்புத் தோட்டம் எங்கப்பா எனக்கு எழுதிவைத்தது, அந்தக் காப்பிக் காடு எங்கப்பா எனக்கு விற்றது என்று ஆளாளுக்குப் பழுப்பேறிய காகிதத்தோடு நிற்கிறார்கள். அப்பாக்கள் எல்லாரும் பிரெஞ்சு வெள்ளைக்காரர்கள். பாதிப் பேர் செத்துவிட்டார்கள், மீதிப் பேர் கப்பல் ஏறிவிட்டார்கள். ஒருவரையும் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

சக்கரவர்த்தி அடிமையாக வளர்ந்தவர். முதுகெல்லாம் சவுக்குத் தழும்பு. பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்கியதில்லை. ஆனால் மூக்கு வேலை செய்தது. நீட்டிய பத்திரத்தை வாங்கி, கண்ணுக்கு நேராகப் பிடிக்காமல் மூக்கில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார்.

"சரியில்லை. புகை வாசம் அடிக்குது."

பத்திரம் நெருப்புக்குப் போயிற்று. அடுத்த ஆள் வந்தான்.

ஹைத்தியின் பழைய வரலாற்று நூல்கள் சொல்லும் கதை இது. விஷயம் என்னவென்றால், முந்தின வாரம் எழுதிய பத்திரம் முப்பது வருஷப் பழசாகத் தெரிய வேண்டுமானால் அதை அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட வேண்டும். காகிதம் பழுத்துவிடும், மை மங்கிவிடும், தாத்தா காலத்துக் களை வந்துவிடும். வாசனையை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. நம் ஊர்களில் டீத்தண்ணியில் முக்கி எடுப்பார்கள் என்று கேள்வி. அந்த வித்தை தெரிந்திருந்தால் ஹைத்தியின் வரலாறே வேறு மாதிரி போயிருக்கும்.

இந்தத் தீவில் யாரிடம் காகிதம் இருந்ததோ அவன் மண்ணில் கால் வைத்ததில்லை. யார் மண்ணில் கால் புதைத்து நின்றானோ அவனிடம் காகிதம் இருந்ததில்லை. ஐந்நூறு வருஷமாக இதே கூத்துதான். முதல் பத்திரத்திலிருந்து ஆரம்பிப்போம்.

அதை எழுதியவர் கொலம்பஸ். 1492 டிசம்பரில் வந்து இறங்கினார், ஒரு சிலுவையை நட்டார், ராஜாவின் கொடியை விரித்தார், இந்த நிலம் இன்று முதல் ஸ்பெயின் ராஜா ராணிக்குச் சொந்தம் என்று அறிவித்தார். அந்தப் பயணத்தைப் பற்றிய கடிதத்தில், தான் சுவாதீனம் எடுத்தபோது யாரும் ஆட்சேபிக்கவில்லை என்று மறக்காமல் குறிப்பிட்டிருக்கிறார். எப்படி ஆட்சேபிப்பார்கள்? அங்கே குடியிருந்த தாயினோ மக்களுக்கு ஸ்பானிஷ் தெரியாது. யாரோ வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து சத்தமாக ஏதோ வாசிக்கிறான், பாவம், உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். நோட்டீஸ் கொடுத்தாயிற்று, ஆட்சேபணை வரவில்லை, ஆகவே நிலம் எங்களுடையது. இந்த நடைமுறை உலகத்தில் இன்னும் வழக்கொழியவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி அட்மிரல் அவர்கள் தூங்கப் போனார். சுக்கானைப் பிடித்திருந்த மாலுமியும் தூங்கப் போனான். போகும்போது கப்பலை ஒரு பொடியன் கையில் கொடுத்துவிட்டுப் போனான். பொடியன் சாந்தா மரியாவைக் கொண்டுபோய் மணல் திட்டில் ஏற்றினான். அந்தப் பகுதியின் தலைவர் குவாகனகரி ஆட்களையும் ஓடங்களையும் அனுப்பிச் சாமான்களையெல்லாம் கரைசேர்த்துக் கொடுத்தார். ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை என்று கொலம்பஸே எழுதிவைத்திருக்கிறார். உடைந்த கப்பலின் பலகையை வைத்துக் கோட்டை கட்டி, 39 பேரைக் குடியமர்த்திவிட்டு அவர் ஊருக்குப் போனார். அடுத்த வருஷம் திரும்பி வந்து பார்த்தால் ஒருத்தரும் உயிரோடு இல்லை. அந்த 39 பேரும் கண்டவர் வீட்டில் புகுந்து பொன்னையும் பெண்களையும் அள்ளியதில் ஆட்சேபணை ஒருவழியாகத் தாக்கலாகியிருந்தது.

அதற்குள் பத்திரத்துக்குப் பதிவும் ஆகிவிட்டது. 1493இல் போப் ஆறாம் அலெக்சாண்டர் அட்லாண்டிக்கின் மேல் ஒரு கோடு கிழித்து, அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் ஸ்பெயினுக்கு என்று எழுதிக் கொடுத்தார். போப்பும் ஸ்பெயின்காரர்தான். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் உடைத்தது யாருடைய தேங்காய் என்று அவருக்கே தெரியாது. தோப்பைக் கூடப் பார்த்ததில்லை.

சில பத்தாண்டுகளில் தாயினோ மக்களில் பெரும்பாலோர் அம்மையிலும் சுரங்க வேலையிலும் வாளிலும் மாண்டுபோனார்கள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

பிறகு ஸ்பெயின் செய்த காரியத்தைத்தான் எந்த நகைச்சுவை எழுத்தாளனாலும் கற்பனை செய்ய முடியாது. தீவின் மேற்கிலும் வடக்கிலும் குடியிருந்த ஸ்பானியர்கள் வேற்று நாட்டுக் கப்பல்களோடு கள்ள வியாபாரம் செய்தார்கள். தடுக்க வழி தெரியவில்லை. ராஜாவிடமிருந்து உத்தரவு வந்தது: ஊரைக் காலி செய். 1605, 1606 வருஷங்களில் கவர்னர் ஒசோரியோ படையோடு போய், தன் சொந்த நாட்டு மக்களின் வீடுகளுக்குத் தீ வைத்து, அவர்களைத் தலைநகர்ப் பக்கமாக ஓட்டிக்கொண்டு போனார். கடத்தல் நின்றது. கூடவே ஊரும் நின்றது. அவசரத்தில் பிடிக்க முடியாமல் விட்டுப்போன மாடும் பன்றியும் காட்டில் பெருகின. அதை வேட்டையாடத் தோர்த்தூகா தீவிலிருந்து பிரெஞ்சு ரௌடிகள் வந்தார்கள். காலி மனையை வேலி போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று ஸ்பெயினுக்குச் சொல்ல ஆள் இல்லை.

இந்த ரௌடிகள் மாட்டிறைச்சியை மரச்சட்டத்தின் மேல் பரப்பிப் புகை போட்டுப் பதப்படுத்துவார்கள். அந்தச் சட்டத்துக்கு 'புக்கான்' என்று பெயர். அதிலிருந்துதான் 'புக்கனியர்' என்ற கடற்கொள்ளையர் பெயரே வந்தது. ஆக, அந்த நாட்டில் பிரெஞ்சுக்காரர்களின் உரிமைக்கு ஆதியிலேயே புகை வாசம் இருந்திருக்கிறது. தெசலினின் மூக்கு தப்பாகச் சொல்லவில்லை.

1697இல் ஐரோப்பாவில் ஒரு சண்டையை முடித்துக்கொண்டு ஹாலந்தின் ரிஸ்விக்கில் உடன்படிக்கை போட்டார்கள். அதன் பிறகு தீவின் மேற்கு மூன்றில் ஒரு பங்கில் பிரான்சின் பிடியை ஸ்பெயின் ஒப்புக்கொண்டது. புறம்போக்கில் குந்தியிருந்தவனுக்குப் பட்டா கிடைத்த மாதிரி. சான்-தொமிங்கு என்று பெயர் வைத்தார்கள். அடுத்த நூறு வருஷத்தில் உலகத்தின் மிகப் பணக்காரக் காலனி அதுதான். ஐரோப்பா குடித்த காப்பியில் பாதிக்கு மேல் அங்கே விளைந்தது. அதில் போட்ட சர்க்கரையில் கணிசமான பங்கும் அங்கிருந்துதான் வந்தது. விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள். 1789 வாக்கில் சுமார் 5 லட்சம் பேர்.

இவர்களுக்கும் சொத்துச் சட்டத்தில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பதினான்காம் லூயி 1685இல் போட்ட 'கறுப்புச் சட்டம்' அடிமைகளை 'மேபிள்' என்று அறிவித்தது, 44ஆவது விதி. அசையும் சொத்து என்று அர்த்தம். அதே சொல்லுக்கு பிரெஞ்சில் மேசை நாற்காலி என்றும் அர்த்தம். பாகப்பிரிவினையின்போது கட்டில், பீரோ, கொச்சோ, மரியான் என்று ஒரே பட்டியலில் எழுதினார்கள்.

1791 ஆகஸ்டில் மேசை நாற்காலிகள் எழுந்து நின்றன. வடக்குச் சமவெளியில் கரும்புக் காடு முழுக்கத் தீ. அடுத்த பன்னிரண்டு வருஷம் நடந்ததைச் சொல்லத் தனிப் புத்தகம் வேண்டும். நமக்கு நிலம்தான் கணக்கு, அதனால் தூசேன் லூவெர்த்யூரிடம் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவோம். அடிமையாகப் பிறந்தவர், பின்னர் விடுதலை பெற்றுக் கொஞ்ச காலம் தானே ஓர் அடிமையை வைத்திருந்தவர், அப்புறம் எல்லா அடிமைகளுக்கும் தளபதியானவர். ஆட்சி கைக்கு வந்ததும் அவருக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. எல்லாரும் விடுதலையாகிவிட்டால் கரும்பு யார் வெட்டுவது? சர்க்கரை இல்லாமல் துப்பாக்கி எப்படி வாங்குவது? 1801இல் ஓர் உத்தரவு போட்டார்: 50 காரோவுக்குக் குறைந்து யாரும் நிலம் வாங்கக் கூடாது. ஒரு காரோ என்றால் ஏறக்குறைய 3.2 ஏக்கர். வாங்கினால் 160 ஏக்கராக வாங்கு, இல்லாவிட்டால் பழைய தோட்டத்துக்கே வேலைக்குப் போ. விடுதலை வந்தது, விடுமுறை வரவில்லை. நாலு ஏக்கரில் வாழையும் மரவள்ளியும் போட்டுக்கொண்டு நிம்மதியாகக் கிடக்கலாம் என்று துப்பாக்கி தூக்கியவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

நெப்போலியன் தன் மைத்துனர் லெக்லேரை அனுப்பித் தூசேனைப் பிடித்து பிரான்சுக்குக் கொண்டுபோய்ப் பனிமலைக் கோட்டையில் சாகவிட்டார். மைத்துனரும் மஞ்சள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மிச்ச வேலையை தெசலின் முடித்தார். 1804 ஜனவரி 1, கொனாயீவில் சுதந்திரப் பிரகடனம். தாயினோ மக்கள் வைத்த பழைய பெயரையே எடுத்து ஹைத்தி என்று சூட்டினார்கள். மலைநாடு என்று பொருள்.

பிரகடனத்தை எழுத முதலில் சாந்தமாக ஒரு வரைவு வந்ததாம். அது சப்பென்று இருந்தது. புவாரோன்-தொனேர் என்ற இளைஞன் எழுந்து, இதை எழுத வெள்ளைக்காரன் தோல் காகிதமாக வேண்டும், மண்டையோடு மைக்கூடாக வேண்டும், ரத்தம் மையாக வேண்டும், துப்பாக்கிச் சனியன் பேனாவாக வேண்டும் என்றான் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லும் பேச்சு. எழுது பொருள் கேட்டு இப்படி ஒரு விண்ணப்பம் எந்த ஆபீஸிலும் வந்திருக்காது. வேலை அவனுக்கே கிடைத்தது. அதோடு வெறும் பேச்சாகவும் முடியவில்லை. அந்த வருஷம் மிச்சமிருந்த பிரெஞ்சுக்காரர்களில் ஆயிரக்கணக்கானவர்களை, பெண்கள் குழந்தைகள் உட்பட, தெசலினின் உத்தரவில் கொன்றார்கள்.

1805 மே மாதம் அரசியல் சட்டம் வந்தது. 12ஆவது விதி: எந்த நாட்டு வெள்ளைக்காரனும் எஜமானனாகவோ சொத்துக்காரனாகவோ இந்த மண்ணில் கால் வைக்கக் கூடாது, இனிமேல் இங்கே எந்தச் சொத்தும் வாங்கக் கூடாது. நில உச்சவரம்புச் சட்டம் பார்த்திருக்கிறோம். இது நில நிறவரம்புச் சட்டம்.

சட்டம் என்றால் விதிவிலக்கு இருக்குமே. 13ஆவது விதியில் இருந்தது. குடியுரிமை பெற்ற வெள்ளைப் பெண்கள், கொஞ்சம் ஜெர்மானியர், அப்புறம் போலந்துக்காரர்கள்.

இந்தப் போலந்துக்காரர்கள் அங்கே எப்படி வந்தார்கள்? அவர்கள் நாட்டையே ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூவரும் 1795க்குள் பாகம் பிரித்துக்கொண்டு வரைபடத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். நெப்போலியனுக்காகச் சண்டை போட்டால் நாடு திரும்பக் கிடைக்கும் என்று நம்பிப் படையில் சேர்ந்தார்கள். அவர் சுமார் 5,000 பேரைக் கப்பலேற்றிக் கரீபியனுக்கு அனுப்பிவிட்டார். வந்து பார்த்தால் தங்களைப் போலவே நிலத்துக்காகவும் விடுதலைக்காகவும் போராடும் ஜனங்களைச் சுடச் சொல்கிறார்கள். காய்ச்சலில் போனவர்கள் போக, சிலர் கட்சி மாறினார்கள். கடைசியில் சில நூறு பேர் அங்கேயே தங்கினார்கள்.

தங்கியவர்களுக்கு 14ஆவது விதி காத்திருந்தது: ஹைத்தியர் எல்லாரும் இனிமேல் 'கறுப்பர்' என்ற ஒரே பொதுப்பெயரால் அறியப்படுவார்கள். விதியைக் கூட்டிப் படித்துப் பாருங்கள். வார்சாவில் பிறந்து, வெயில் பட்டால் இறால் மாதிரிச் சிவந்துபோகும் நீலக்கண் சிப்பாய், சட்டப்படி கறுப்பர். நிலம் வாங்கலாம். கசால் என்ற மலைக்கிராமத்தில் அவர்கள் வம்சம் இன்றும் இருக்கிறது. தோல் நிறம் சொத்துக்கு அளவுகோலாக இருந்த உலகத்தில், சொத்தை வைத்துத் தோலின் நிறத்தை எழுதிக்காட்டியவர் தெசலின். இன்றைக்கும் ஹைத்தியின் கிரெயோல் பேச்சில் 'நெக்' என்றால் ஆள் என்று பொருள், 'பிளான்' என்றால் வெளிநாட்டான். அமெரிக்காவிலிருந்து எவ்வளவு கறுப்பான மனிதர் போய் இறங்கினாலும் சந்தைக்காரம்மா அவரை 'பிளான்' என்றுதான் கூப்பிடுவார்.

சரி, வெள்ளைக்காரன் விட்டுப்போன தோட்டம் யாருக்கு? இங்கேதான் புகை வருகிறது. வெள்ளைத் தோட்டக்காரர்களுக்குக் கறுப்புப் பெண்களிடம் பிறந்த கலப்பினப் பிள்ளைகள் பலர் விடுதலை பெற்றவர்கள், படித்தவர்கள். சிலர் பெரிய நிலக்காரர்கள். அப்பா போனால் சொத்து பிள்ளைக்குத்தானே என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமாகப் பாத்தியதை இருந்தவர்களும் உண்டு. அடுப்படியில் பாத்தியதை தயாரித்தவர்களும் உண்டு. தெசலின் திருப்பிக் கேட்டதாகச் சொல்லப்படும் கேள்வி இது: அப்பன் ஆப்பிரிக்காவில் இருக்கிறவனுக்கு ஒன்றும் கிடையாதா? இருநூறு வருஷமாகியும் அந்த நாட்டில் இதற்கு யாரும் பதில் சொன்னபாடில்லை.

கேட்டதோடு நிற்காமல் மோந்து பார்க்கவும் தொடங்கினார். தெற்கு கொந்தளித்தது. 1806 அக்டோபர் 17 அன்று, போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு வெளியே சிவப்புப் பாலம் என்ற இடத்தில் சொந்தத் தளபதிகளின் ஆட்கள் மறித்துச் சுட்டுக் கொன்றார்கள். உடலைச் சிதைத்துத் தெருவில் எறிந்தார்கள். தெஃபிலே என்ற பெண்மணி துண்டு துண்டாகப் பொறுக்கி அடக்கம் செய்தாள் என்கிறார்கள். பத்திர ஆபீஸ் மூடப்பட்டது.

பிறகு நாடே பாகமானது. வடக்கே தளபதி கிறிஸ்தோஃப் 1811இல் தன்னை ராஜாவாக்கிக்கொண்டு பிரபுக்களை நியமித்தார். ஊர்ப் பெயரில்தான் பட்டம் கொடுக்க முடியும், அங்கே ஊர்ப் பெயரோ லிமோனேட், மார்மலேட். ஆகவே லிமோனேட் பிரபு, மார்மலேட் பிரபு என்று இரண்டு பேர் விறைப்பாக வாளோடு நடமாடினார்கள். ஐரோப்பா வயிறு வலிக்கச் சிரித்தது. ஆரஞ்சு இளவரசர் என்று ஹாலந்தில் ஒருவர் இருந்ததை மறந்துவிட்டுச் சிரித்தது. தெற்கே ஜனாதிபதி பெத்தியோனுக்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லை. சிப்பாய்களுக்குக் காசுக்குப் பதில் நிலத்தை அளந்து கொடுத்தார், சாதாரணச் சிப்பாய்க்கு 5 காரோ, அதிகாரிகளுக்கு அதற்கு மேல். கஜானா காலியானதால் நடந்த நிலச் சீர்திருத்தம் இது. அமெரிக்கக் கண்டத்தில் அந்தக் காலத்தில் வேறெங்கும் இப்படி ஒன்று நடந்ததாக நான் படித்ததில்லை.

இப்போது 1825க்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்ல வேண்டும்.

நாடு மறுபடி ஒன்றாகி, புவாயே ஜனாதிபதி. ஜூலை மாதம் பிரான்சிலிருந்து பாரன் மக்கோ என்பவர் வந்தார். கையில் ராஜா பத்தாம் சார்ல் எழுதிய உத்தரவு. பின்னால் 14 போர்க்கப்பல், 500க்கு மேல் பீரங்கி. உத்தரவின் சாரம்: உங்கள் சுதந்திரத்தை அங்கீகரிக்கிறோம். அதற்காக எங்கள் பழைய தோட்டக்காரர்களுக்கு நீங்கள் 15 கோடி பிராங்க் நஷ்டஈடு தர வேண்டும், ஐந்து தவணை. போதாததற்கு எங்கள் சரக்குக்குச் சுங்கத்தில் பாதித் தள்ளுபடி.

அடித்து விரட்டியவன் அடிபட்டு ஓடியவனுக்கு அபராதம் கட்ட வேண்டும். சரி, அபராதம் எதற்கு? தோட்டம் போனதற்கு. தோட்டத்தின் மதிப்பு எதில் இருந்தது? மண்ணில் கொஞ்சம், ஆலையில் கொஞ்சம், மிச்சமெல்லாம் அதில் வேலை செய்த ஆட்களின் விலையில். ஆக, கொச்சோவும் மரியானும் தங்கள் விலையைத் தாங்களே கட்ட வேண்டும். அவர்கள் செத்துவிட்டால் பேரன் கட்ட வேண்டும். திருட்டுப் போன நாற்காலியிடமே நாற்காலிக்குக் காசு கேட்ட முதல் வழக்கு.

பீரங்கிகளை எண்ணிப் பார்த்துவிட்டு புவாயே கையெழுத்துப் போட்டார். முதல் தவணை 3 கோடி. அது அரசின் அந்த வருஷ வருமானத்தைப் போல ஆறு மடங்கு என்று பின்னாளில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கையில் அவ்வளவு ஏது? அதற்கும் வழி வைத்திருந்தார்கள்: பாரிஸ் வங்கியில் கடன் வாங்கிக் கட்டலாம். 3 கோடிக்குப் பத்திரம் எழுதிக்கொண்டு, கமிஷன் 60 லட்சத்தைப் பிடித்துக்கொண்டு, 2 கோடியே 40 லட்சம் கொடுத்தார்கள். பாரிஸில் எடுத்த கடன் பாரிஸிலேயே செலுத்தப்பட்டது. நம் ஊர்க் கந்துவட்டிக்காரன் கூட எடுத்த பிறகு டீ வாங்கிக் கொடுப்பான். ஹைத்தியில் இதற்குப் பெயர் இரட்டைக் கடன்: நஷ்டஈடு ஒன்று, நஷ்டஈட்டைக் கட்ட வாங்கிய கடன் ஒன்று.

பாரிஸில் ஒரு கமிஷன் உட்கார்ந்து விண்ணப்பங்களை வாங்கியது. என் மாமியார் வழியில் இத்தனை காரோ காப்பி, என் பெரியப்பா பங்கில் இத்தனை கறுப்பர் என்று காலனியைக் கண்ணால் பார்க்காத வாரிசுகளெல்லாம் வரிசையில் வந்தார்கள். சொத்து, சொந்தக்காரர், தொகை என்று ஆறு தொகுதி அச்சிட்டார்கள். அவர்கள் காகிதங்களை ஒருவரும் மோந்து பார்க்கவில்லை. 1838இல் பேரம் பேசி மீதியை 6 கோடியாகக் குறைத்தார்கள். நஷ்டஈடு, அதன் வட்டி, அதற்கு வாங்கிய கடன், கடனுக்கு வாங்கிய கடன் என்று இழுத்து, கடைசிச் சுவடு தீர்ந்தது 1947இல். நடுவில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹைத்தியின் கஜானாவைக் கையில் வைத்திருந்த பாரிஸ் வங்கி, அதே சமயத்தில் ஈபில் கோபுரம் கட்டவும் பணம் போட்டது. அடுத்த முறை அந்தக் கோபுரத்தின் முன் போஸ் கொடுக்கும்போது ஹைத்திக் காப்பியின் வாசனை வருகிறதா பாருங்கள்.

தவணை கட்ட ஏற்றுமதி வேண்டும், ஏற்றுமதிக்கு ஆள் வேண்டும். புவாயே 1826இல் 'கிராமச் சட்டம்' கொண்டுவந்தார். குடியானவன் அனுமதிச் சீட்டில்லாமல் ஊரைவிட்டு நகரக் கூடாது. நாலைந்து பேராகச் சேர்ந்து தோட்டத்தைக் குத்தகைக்கு எடுக்கவும் கூடாது. பழைய சவுக்கு இல்லை, மற்றதெல்லாம் பழைய மாதிரியே. ஜனங்கள் மனு கொடுக்கவில்லை, மறியல் செய்யவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு மலை ஏறிவிட்டார்கள். தேடிப் போக போலீஸுக்கு மூச்சு வாங்கியது. சட்டம் கீழேயே கிடந்தது.

மலையில் அவர்கள் உண்டாக்கிக்கொண்டதுதான் உண்மையான ஹைத்தி நிலச் சட்டம். எந்தக் கெஜட்டிலும் வராதது. 'லக்கூ' என்பார்கள். ஒரு பொது முற்றம், சுற்றி வீடுகள், ஓரத்தில் முன்னோர் கல்லறை. நிலம் யாருடையது என்று கேட்டால் கல்லறையைக் காட்டுவார்கள். தாத்தா இங்கே படுத்திருக்கிறார், வேறென்ன தாய்ப்பத்திரம் வேண்டும்? ஆண் பெண் எல்லாப் பிள்ளைக்கும் பங்கு. ஆனால் சர்வேயரைக் கூப்பிட்டு, நோட்டரியிடம் எழுதி, பதிந்து, அத்தனை பேருக்கும் அழுதால் நிலத்தின் விலையே போய்விடும் என்பதால் பாகம் எழுதாமல் வாய்ப்பேச்சில் உழுதுகொள்வார்கள். மூன்று தலைமுறையில் ஒரு வாழைத்தோட்டத்துக்கு அறுபது பங்காளி. அதில் பாதிப் பேர் மயாமியில். இது போதாதென்று, வோடூ மரபில் நிலத்தோடு அதன் தெய்வங்களும் வாரிசுக்கு வரும். குடும்ப நிலத்தில் தெய்வத்துக்கென்று ஒரு துண்டை விட்டுவைப்பார்கள், அதை விற்கக் கூடாது. படையல் நின்றால் தெய்வம் கோபித்துக்கொள்ளும். வில்லங்கச் சான்றிதழில் வராத வில்லங்கம்.

நகரத்தில் வேறு கூத்து. வெள்ளையர் நிலம் வாங்கக் கூடாது என்ற விதி வெவ்வேறு அரசியல் சட்டங்களில் நூறு வருஷத்துக்கு மேல் நீடித்தது. ஜெர்மன் வியாபாரிகள் விதியை உட்கார்ந்து படித்தார்கள். ஹைத்திப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார்கள். சொத்து அவள் பெயரில், சாவி இவர் பையில். கொஞ்ச காலத்தில் ஹைத்தியின் வெளிநாட்டு வியாபாரத்தில் பெரும்பகுதி இந்த மாப்பிள்ளைகள் கையில் இருந்தது. மாமனார் வீட்டுச் சீராக ஒரு நாட்டின் துறைமுகமே.

அமெரிக்காவுக்குக் கல்யாணத்தில் எல்லாம் பொறுமை இல்லை. 1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படையினர் வந்து தேசிய வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் தங்கத்தைத் தூக்கிக் கப்பலில் ஏற்றி நியூயார்க் கொண்டுபோனார்கள். அடுத்த வருஷம் நாட்டையே எடுத்துக்கொண்டார்கள். ஒரே இடைஞ்சல், நிலம் வாங்க முடியாத அந்த விதி. 1917இல் நாடாளுமன்றத்திடம் புது அரசியல் சட்டத்தை நீட்டினார்கள். உறுப்பினர்கள் முரண்டு பிடித்தார்கள். மேஜர் ஸ்மெட்லி பட்லர் படையோடு போய் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். மறு வருஷம் பொதுவாக்கெடுப்பு. ஆதரவு 98,000க்கு மேல், எதிர்ப்பு 800க்கும் குறைவு. வாசலில் துப்பாக்கியோடு சிப்பாய். எதிர்த்துப் போட்ட அந்தச் சில நூறு பேருக்குத்தான் சிலை வைக்க வேண்டும். காகிதத்தில் சட்டம், இரும்பில் துப்பாக்கிச் சனியன் என்று கிரெயோலில் ஒரு பழமொழியே உண்டு. வெளிநாட்டார் நிலம் வாங்கலாம் என்ற விதி உள்ளே வந்தது. தெசலினின் 12ஆவது விதி போயிற்று.

இதை எழுதியது யார்? 1920 தேர்தலில் துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்ற ஒரு இளைஞர், மான்டானாவில் மேடையேறி, ஹைத்தியின் அரசியல் சட்டத்தை எழுதியதே நான்தான், நன்றாகவே எழுதியிருக்கிறேன் என்று பெருமை அடித்துக்கொண்டார். எதிர்க்கட்சி பிடித்துக்கொண்டதும் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். அந்த இளைஞர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். எழுதியது அவர் இல்லை என்றுதான் ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். ஒரு நாட்டின் பத்திரத்தைத் தான் எழுதாமலேயே எழுதியதாகச் சொல்லிக்கொண்டவருக்கு என்ன வாசம் அடித்திருக்கும் என்று தெசலினைத்தான் கேட்க வேண்டும்.

1934இல் அமெரிக்கப் படை போயிற்று. 1941இல் ரப்பர் வந்தது. உலகப் போருக்கு ரப்பர் வேண்டும் என்று மடகாஸ்கர் கொடி ஒன்றைப் பயிரிட, குடியானவர்களின் வீட்டையும் மாமரத்தையும் சேர்த்து அகற்றினார்கள். மூன்று வருஷத்தில் ரப்பரும் வரவில்லை, மாமரமும் திரும்பவில்லை.

2003இல் ஜனாதிபதி அரிஸ்டீடுக்கு ஒரு யோசனை தோன்றியது. 1825இல் நாங்கள் கொடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்று பிரான்சுக்குப் பில் அனுப்பினார். வட்டியெல்லாம் சேர்த்து 2,168,51,35,571 டாலர் 48 சென்ட். அந்த 48 சென்ட்டில்தான் என் மனசு நிற்கிறது. இருநூறு வருஷக் கணக்கில் சில்லறையைக் கூட விடவில்லை மனுஷன். பாரிஸில் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிக்கவில்லை. 2004 பிப்ரவரியில் அரிஸ்டீட் அமெரிக்க விமானத்தில் ஏற்றப்பட்டு மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் இறக்கப்பட்டார். அடுத்து வந்த அரசு கோரிக்கையைக் கைவிட்டது.

2010 ஜனவரியில் நிலநடுக்கம். வரி அலுவலகக் கட்டடமும் இடிந்து விழுந்தது. லட்சக்கணக்கான பேர் கூடாரத்தில் கிடந்தார்கள். பணமும் பலகையும் கொண்டுவந்த தொண்டு நிறுவனங்கள், வீடு கட்டித் தருகிறோம், இந்த இடம் யாருடையது என்று கேட்டன. ஒரே இடத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர் காகிதத்தோடு வந்தார்கள். மோந்து பார்க்க ஆள் இல்லை.

2015 மே மாதம் குவாதலூப்பில் பேசிய பிரெஞ்சு ஜனாதிபதி ஒலாந்து, ஹைத்திக்குப் போகும்போது நம் கடனைத் தீர்ப்பேன் என்றார். கைதட்டல் ஓய்வதற்குள் உதவியாளர்கள் விளக்கம் கொடுத்தார்கள்: ஐயா சொன்னது தார்மீகக் கடன். தார்மீகக் கடனுக்குத் தவணை கிடையாது, பீரங்கியும் கிடையாது.

2025 ஏப்ரல் 17. பத்தாம் சார்ல் அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டு சரியாக 200 வருஷம். ஜனாதிபதி மக்ரோன் அறிக்கை விட்டார். இரு நாட்டு வரலாற்று அறிஞர்களைக் கொண்டு ஒரு கமிஷன் அமைக்கப்படும், அது பழைய ஆவணங்களைப் படித்துப் பார்த்துப் பரிந்துரை செய்யும். தொகை பற்றி அதில் ஒன்றும் இல்லை. 48 சென்ட்டைப் பற்றியும் இல்லை.